இரண்டாவது தாள்

ஆகஸ்ட் 28, புதன்

உள்தேர்வுத் தாள்கள் அறுபத்திரண்டு. இன்று இருபத்து நான்கு திருத்தினேன். பக்க எண்ணும் தேதியும் போடாத ஒன்பது பேருக்குத் தலா ஒரு மதிப்பெண் குறைத்தேன். புள்ளியியல் வகுப்பின் முதல் நாளிலிருந்து சொல்லிவருகிறேன், தேதி இல்லாத தாள் சாட்சி சொல்லாது என்று. சிரிக்கிறார்கள்.

மதியம் விலங்கியல் துறையிலிருந்து எப்சிபா வந்தாள். வந்தவள் கதவைச் சாத்தினாள். இருபத்தெட்டு வருடப் பழக்கத்தில் அவள் கதவைச் சாத்திவிட்டுப் பேசியது இரண்டே முறை. அவள் அப்பா இறந்தபோது ஒன்று. மகள் பெனிட்டா வயிற்றில் இருந்தபோது ஒன்று.

“ஏட்டி நாயகி, சிரிக்கக் கூடாது.”

“நான் எப்போ சிரிச்சேன்?”

“அதுவும் சரிதான்.”

பெனிட்டாவின் கல்யாணம் ஜனவரி எட்டு என்று முடிவாகிவிட்டது. அதற்குள் முகத்தைச் சரிசெய்யப்போகிறாளாம். பெனிட்டா அல்ல, எப்சி. நாற்பத்தொன்பது வயதில், பருத் தழும்புகளுக்கு.

“ஆல்பத்துல பிள்ளைக்குப் பக்கத்துல நான் அம்மியா நிக்கணுமா?”

அம்மி எங்கள் பட்டப்பெயர். மதுரையில் எம்.எஸ்சி. படித்தபோது விடுதியில் எங்களை ‘இரட்டை அம்மி’ என்பார்கள். புதிதாகக் கொத்திய அம்மி மாதிரி கன்னமெல்லாம் குழியாக இரண்டு பேர். வேறு பாடம், வேறு மதம், வேறு குணம். ஒரே அறையில் போட்டது வார்டன். ஒன்றாகவே இருக்கவைத்தது கன்னம்.

“நீ படிச்சுப் பாத்து எது நல்லதுன்னு சொல்லு. டாக்டரையும் நம்ப முடியல, போன்ல வார விளம்பரத்தையும் நம்ப முடியல. நீ யாரையுமே நம்பமாட்டே. அதனால உன்னைய நம்பலாம்.”

சரி என்றேன். அவள் போன பிறகு திருத்திய நான்கு தாள்களை மறுபடி பார்க்கவேண்டியதாயிற்று. கூட்டல் தப்பு.

ஆகஸ்ட் 30, வெள்ளி

மேல்தொட்டியின் மிதவை பழுது. தண்ணீர் வழிந்து கீழ்வீட்டார் சத்தம் போட்டார்கள். பதினொரு ஆய்வுக் கட்டுரைகள் இறக்கியிருக்கிறேன். பெரும்பாலும் சிறிய மாதிரிகள். ஒன்றில் பன்னிரண்டே பேர்.

ஆகஸ்ட் 31, சனி

புறவழிச்சாலையில் உள்ள கண்ணாடிக் கட்டடத்துக்குப் போனோம். லேசர் கிளினிக். உள்ளே ஐஸ்கிரீம் கடைக் குளிர். ஆலோசகர் என்று ஒரு பெண் வந்தாள், இருபத்தைந்து வயதிருக்கும். சருமத்தில் ஒரு புள்ளி கிடையாது. அவளை அங்கே உட்காரவைத்திருப்பதே அதற்குத்தான்.

“ஒரே சிட்டிங் மேம். பத்து நாள் வீட்ல இருந்தா போதும். கல்யாணத்துக்கு முகம் கண்ணாடி.”

ஆல்பம் காட்டினாள். முன், பின், முன், பின். நான் முகங்களைப் பார்க்கவில்லை, நிழல்களைப் பார்த்தேன். ‘முன்’ படங்களில் வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து வருகிறது. மூக்கின் நிழல் கன்னத்தில் விழுகிறது. ஒவ்வொரு குழிக்கும் ஒரு நிழல். ‘பின்’ படங்களில் வெளிச்சம் நேர் எதிரே. நிழலே இல்லை. அந்த விளக்கை நகர்த்தினாலே பாதி சிகிச்சை முடிந்துவிடும்.

“இதுவரை எத்தனை பேருக்குச் செஞ்சிருக்கீங்க? எத்தனை பேருக்கு நல்லா வந்திருக்கு?”

“எல்லாருக்குமே நல்லா வந்திருக்கு மேம்.”

“எல்லாருக்கும்னா எத்தனை?”

அவள் புன்னகைத்தாள். பிறகு என் முகத்தை, அதன்பின் எப்சி முகத்தை, மறுபடி என் முகத்தைப் பார்த்தாள். “ரெண்டு பேரா பண்ணிக்கிட்டா சலுகை இருக்கு மேம்.”

எப்சி சிரித்துவிட்டாள். “இவளா? கழுத்துல கத்தி வச்சாலும் வரமாட்டா.”

ஆட்டோவில் நிழல் விஷயத்தை விளக்கினேன். கவனமாகக் கேட்டுக்கொண்டாள். “சரிட்டி, நிழல்தான். ஆனா பின் படத்துல அந்தப் பிள்ளைங்க சிரிக்கதைப் பாத்தியா? மொத படத்துல ஒருத்தியும் சிரிக்கல.”

நான் அதைப் பார்க்கவில்லை.

செப்டம்பர் 1, ஞாயிறு

ஆலய ஆராதனை முடிந்து வரும் வழியில் எப்சி வந்தாள். டப்பாவில் கறிக்குழம்பு. கணவர் என்ன சொன்னார் என்று கேட்டேன்.

“அவரா? ‘எனக்கு ஒரு குழியும் தெரியல, உன் முகம் எப்பவும் உன் முகம்தான்’னு சொல்லிட்டுப் பேப்பரைத் திருப்புனாரு. கோட்டிக்கார மனுசன்.”

அப்படிச் சொல்ல ஒருவர் இருக்கிறவளுக்கு லேசர் எதற்கு? கேட்கவில்லை. குழம்பு நன்றாகத்தான் இருந்தது. பாதிதான் சாப்பிட்டேன். வயிறு சரியில்லை.

செப்டம்பர் 5, வியாழன்

ஆசிரியர் தினம். மாணவிகள் ஆளுக்கொரு ரோஜா தந்தார்கள். எல்லோரையும் நிற்கவைத்துப் படம் எடுத்தார்கள். வழக்கம்போல் கடைசி வரிசையில் நின்றேன். வழக்கத்துக்கு மாறாக எப்சி முன்வரிசைக்குப் போய்விட்டாள். என் பக்கத்தில் தூண்.

மாலை வண்ணார்பேட்டையில் டாக்டர் ரஹ்மத் நிஷாவிடம் போனோம். மாடியில் ஒற்றை அறை. வியாழன்தோறும் தழும்புக்காரர்களை மட்டும் பார்க்கிறார். ஆல்பம் இல்லை. ஒரு முக்காலி, கழுத்து வளையும் ஒரு மேசை விளக்கு. எப்சியை உட்காரவைத்து விளக்கைப் பக்கவாட்டில் திருப்பினார். எதிரே அல்ல, பக்கவாட்டில். அந்த ஒரு அசைவுக்காக அவரை எனக்குப் பிடித்துப்போயிற்று.

பிறகு இரண்டு விரல்களால் எப்சியின் கன்னத்தை இழுத்துப் பிடித்தார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். குழிகள் மறைந்துவிட்டன. விட்டார், திரும்ப வந்தன.

“இழுத்தா மறையுது பாத்தீங்களா, இது நல்ல குழி. மேல்தோலைக் கீழேருந்து நார் புடிச்சு இழுத்துட்டு இருக்கு. ஊசியை உள்ளே விட்டு அந்த நாரை அறுத்துவிடணும். அப்புறம் நுண்ணூசி. லேசர் நம்ம நெறத்துக்கு யோசிச்சுத்தான் வைக்கணும், அவசரத்துல வைக்கக் கூடாது. இதுல மூணு நாலு தடவை, நடுவுல ஒண்ணரை மாசம். பாதிக்கு மேல கொறையும். முழுசா போயிரும்னு எவனாச்சும் சொன்னா எந்திரிச்சு வந்துருங்க.”

“இழுத்தாலும் மறையாத குழி உண்டா டாக்டர்?” கேட்டது நான்.

“உண்டு. ஆணி அடிச்ச மாதிரி ஆழமா, ஒடுக்கமா. அது பிடிவாதம். அதுக்கு வேற வழி, பலனும் கம்மி.” என்னைத் திரும்பிப் பார்த்தார். “உங்களுக்கும் பாக்கவா?”

“வேண்டாம். துணைக்கு வந்தேன்.”

படியிறங்கும்போது எப்சி பாடிக்கொண்டே வந்தாள். ‘நல்ல குழி’ என்று பத்து தடவையாவது சொன்னாள். எனக்கு வயிறு சரியில்லை. வீட்டுக்கு வந்து சீரகத் தண்ணீர் குடித்தேன்.

செப்டம்பர் 6, வெள்ளி

காலையில் குளியலறைக் கண்ணாடியின் முன் கைபேசி வெளிச்சத்தைப் பக்கவாட்டில் பிடித்து இடது கன்னத்தை இழுத்துப் பார்த்தேன். பிறகு வலது கன்னம். இடம் மாற்றி ஏழு தடவை.

மறையவில்லை.

ஆக, இரட்டை அம்மி என்பது விடுதிப் பெண்களின் கவனக்குறைவு. இரண்டும் ஒரே கல் இல்லை.

செப்டம்பர் 8, ஞாயிறு

நாள் முழுக்க அட்டவணை. நிரைகளில் சிகிச்சைகள், பத்திகளில் ஒப்பிடும் அம்சங்கள். ஒன்று, எத்தனை தடவை. இரண்டு, வலி. மூன்று, ஓய்வு நாட்கள். நான்கு, குழி எவ்வளவு குறைகிறது. ஐந்து, ஆதாரம் எவ்வளவு உறுதி. ஆறு, நம்மைப் போன்ற நிறத்தில் கருமை படியும் ஆபத்து.

ஆறாவது பத்திதான் முக்கியம். முதல் ஐந்தை மட்டும் பார்த்தால் கண்ணாடிக் கட்டடத்தின் லேசர் எல்லாவற்றையும் முந்திவிடுகிறது. ஒரே தடவை, நல்ல பலன். ஆறாவதைப் பார்த்தால்தான் மாதக்கணக்கில் முகம் கறுத்துக் கிடந்தவர்கள் வருகிறார்கள்.

செப்டம்பர் 9, திங்கள்

துறை அச்சுப்பொறியில் அட்டவணையை எடுத்தேன். தாளை நெடுக்காக வைத்திருந்ததால் ஐந்து பத்திகள் ஒரு தாளில் வந்தன. ஆறாவது பத்தி மட்டும் இரண்டாவது தாளின் ஓரத்தில் ஒல்லியாக விழுந்தது. குறுக்காக வைத்து மறுபடி எடுக்கலாம் என்று நினைத்தபோது மணி அடித்துவிட்டது.

எப்சி நடைகூடத்தில் நின்றாள். “முடிச்சிட்டியா? தாட்டி” என்று கையிலிருந்ததைப் பிடுங்கிக்கொண்டு வகுப்புக்கு ஓடினாள். கையிலிருந்தது முதல் தாள். இரண்டாவது கைப்பையில் இருந்தது.

நாளை கொடுக்கலாம்.

செப்டம்பர் 10, செவ்வாய்

கல்லூரியில் நாக் தரமதிப்பீட்டுக் குழு வருகைக்கான கூட்டம். மூன்று மணிநேரம். எப்சியை நான்கு தடவை பார்த்தேன். கூட்டம்.

செப்டம்பர் 12, வியாழன்

பலசரக்குப் பட்டியல் எழுதத் தாள் தேடினேன். ஒருபுறம் வெறுமையாக இருக்கும் தாளை வீணாக்க எனக்குப் பிடிக்காது. அதற்காகப் புதுத் தாளைக் கிழிக்கவும் பிடிக்காது. கடையில் கடலை எண்ணெய் இல்லை.

செப்டம்பர் 14, சனி

“நாயகி, லேசர்தான். இருபத்தெட்டாம் தேதி நேரம் குடுத்துட்டாங்க.” தொலைபேசியில் மூச்சு வாங்கினாள். “உன் அட்டவணையை இவருக்கும் காமிச்சேன். ‘நாயகி போட்ட கணக்குன்னா கண்ணை மூடிட்டுச் செய்யி’ங்காரு. அந்த டாக்டரம்மா நல்லவங்கதான். ஆனா நாலு தடவை, நாலு மாசம், பாதிதான் போகுமாம். இது ஒரே தடவைல்ல?”

“டாக்டர் யோசிக்கணும்னு சொன்னாங்களே.”

“நீதான் யோசிச்சிட்டியே.”

அப்போது சொல்லியிருக்கலாம். அடுப்பில் பால் பொங்கியது. வைத்துவிட்டேன். மூன்று மணிக்கு மாதாந்திர மின்தடை. விசிறியில்லாமல் படுத்திருந்தேன். வயிறு சரியில்லை.

செப்டம்பர் 19, வியாழன்

எதற்கோ இன்று நினைவுக்கு வந்தது. தொண்ணூற்றொன்பதில் என்னைப் பெண் பார்க்க அம்பாசமுத்திரத்திலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா மிகவும் அன்பாக, “இங்கன ஜன்னல் பக்கமா உக்காரும்மா, காத்து வரும்” என்றார். உட்கார்ந்தேன். காற்று வரவில்லை. வெளிச்சம் பக்கவாட்டில் வந்தது. அவர்கள் காபியைக்கூட முடிக்கவில்லை.

அடுத்த வாரம் எப்சி மதுரையிலிருந்து வந்து என்னுடன் மூன்று நாள் தங்கினாள். அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. சினிமாவுக்குக் கூட்டிப்போனாள். அப்போது அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அதையும் நான்காவது நாள், பேருந்து கிளம்பும்போதுதான் சொன்னாள்.

அவளுக்கும் ஜன்னல் இருந்திருக்கும். அவளுடையவை இழுத்தால் மறைகிறவை. அவ்வளவுதான் வித்தியாசம்.

செப்டம்பர் 26, வியாழன்

சொல்வதற்காகவே கூப்பிட்டேன். பெனிட்டாவின் முகூர்த்தப் புடவை எடுத்த கதையை நாற்பது நிமிடம் சொன்னாள். என் பெயரில் ஒரு பட்டு எடுத்திருக்கிறாளாம், மயில்கழுத்து நிறம். “மேடைல எனக்குப் பக்கத்துல நிக்கணும், தூணுக்குப் பின்னால ஒளியக் கூடாது” என்றாள். தன் முகம் கண்ணாடியானபின் பக்கத்தில் அம்மி எதற்கு? வித்தியாசம் தெரிவதற்கா?

இப்படி நினைத்ததை எழுதிவைக்கிறேன். சொல்ல வந்ததைச் சொல்லவில்லை.

செப்டம்பர் 28, சனி

நடந்ததை வரிசையாக எழுதவேண்டும்.

பத்து மணிக்குப் போனோம். எப்சியின் முகமெல்லாம் மரத்துப்போகும் களிம்பைத் தடவி, மேலே மெல்லிய பிளாஸ்டிக் தாளை ஒட்டினார்கள். ஒரு மணிநேரம் ஊறவேண்டுமாம். எங்களை ஒரு சிறு அறையில் விட்டுவிட்டுப் போனார்கள். பாதி உரித்த இடியாப்பப் பொட்டலம் மாதிரி இருந்தாள். அதைச் சொன்னேன். “சிரிக்க வைக்காதே, ஒட்டுனது பிஞ்சிரும்” என்றாள்.

இருபது நிமிடம் போயிற்று. அவள் கண்ணை மூடிக்கொண்டு என் கையைப் பிடித்தாள். கை சில்லென்று இருந்தது.

“பயமா?”

“லேசா. நீ இருக்கேல்லா.”

கைப்பையைத் திறந்து மடித்த தாளை எடுத்து அவள் மடியில் வைத்தேன்.

“என்னட்டி?”

“அட்டவணையோட இன்னொரு தாள். நேத்துதான் பாத்தேன். பிரிண்டர் பக்கத்துல கெடந்துச்சு.”

படித்தாள். உதடு மரத்திருந்ததால் குழறிக் குழறிப் பேசினாள். “கருமைன்னா எம்புட்டு நாள் இருக்கும்?”

“மாசக்கணக்குல. சிலருக்கு அதுக்கும் மேல.”

“கல்யாணத்தன்னிக்கு?”

“இருக்கலாம். இல்லாமலும் போலாம். எத்தனைக்கு எத்தனைன்னு உறுதியா சொல்ல முடியாது. ஆனா இல்லைன்னு சொல்ல முடியாது.”

“நீயா இருந்தா என்ன செய்வே?”

“காதுக்குப் பின்னால சின்னதா ஒரு இடத்துல வச்சு, ஒரு மாசம் பாக்கச் சொல்லுவேன்.”

ஆலோசகப் பெண்ணைக் கூப்பிட்டு எப்சியே கேட்டாள். “அப்படில்லாம் பண்றதில்ல மேம். பயப்படாதீங்க. டேட் போச்சுன்னா அடுத்தது நவம்பர்தான்.”

 எப்சி நெற்றியிலிருந்து பிளாஸ்டிக் தாளைப் பிடித்து உரித்தாள். களிம்பைத் துடைக்கக்கூட நிற்கவில்லை. வெள்ளை முகத்தோடு ஆட்டோவில் ஏறினாள். ஓட்டுநர் கண்ணாடியில் இரண்டு தடவை பார்த்தார்.

“என்னண்ணே பாக்கீங்க, வீட்டுக்கு வெள்ளையடிக்கோம்” என்றாள். வாய் ஒரு பக்கமாகக் கோணியது. சிரித்தாள். நானும் சிரித்தேன். முருகன்குறிச்சி வரும்வரை இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே வந்தோம்.

இறங்கும்போது தாளை மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டாள். “பெரிய ஆபத்துலேருந்து காப்பாத்திட்டே நாயகி.”

சொல்லிவிட்டேன். நேற்று என்று சொன்னது ஒரு சிறு திருத்தம்.

செப்டம்பர் 30, திங்கள்

ஆசிரியர் அறையில் எப்சி எல்லோரிடமும் கதை சொல்லிக்கொண்டிருந்தாள். “கடைசி நிமிசத்துல தாளோட வந்து நின்னா பாருங்க.” தமிழ்த்துறை மேடம் என் தோளைத் தட்டினார். இருபத்து மூன்று வருட வேலையில் அந்த அறையில் யாரும் என் தோளைத் தட்டியதில்லை.

அக்டோபர் 17, வியாழன்

டாக்டர் ரஹ்மத் நிஷாவிடம் முதல் தடவை. காதுக்குப் பின்னால் போன வாரமே சோதித்துவிட்டார். முதலில் விளக்கின் கழுத்தை ஒரே கோணத்தில் வைத்துப் படம் எடுத்தார். முக்காலியின் கால்கள் நிற்கவேண்டிய இடத்தைத் தரையில் சுண்ணக்கட்டியால் குறித்துவைத்திருக்கிறார். அடுத்த தடவையும் அதே இடம், அதே நிழல். இவர் என் மாணவியாக இருந்திருந்தால் முழு மதிப்பெண்.

ஊசி தோலுக்கடியில் நாரை அறுக்கும்போது சத்தம் கேட்கிறது. உலர்ந்த நூலைப் பல்லால் கடித்த மாதிரி. எப்சி என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். நகம் பதிந்த இடம் இன்னும் சிவந்திருக்கிறது.

வெளியே வரும்போது ஏதோ போல் என்னைப் பார்த்தாள். வலியாக இருக்கும்.

நவம்பர் 11, திங்கள்

நூலகர் எப்சியிடம், “மேடம், நல்லா தூங்குதீங்களா? முகம் தெளிவா இருக்கு” என்றார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

எப்சி உடனே, “எல்லாம் நாயகி புண்ணியம்! அவ அந்தத் தாளைக் கண்டுபிடிக்கலேன்னா நான் கரிச்சட்டி. எப்போ கண்டுபிடிச்சேட்டி? சொல்லு, சார் கேக்கட்டும்” என்றாள்.

“லேசருக்கு மொத நாள்” என்றேன்.

“மொத நாள்” என்று அவளும் சொன்னாள்.

நவம்பர் 29, வெள்ளி

நேற்று இரண்டாவது தடவை. டாக்டர் இரண்டு படங்களையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். அதே விளக்கு, அதே நிழல். குறை சொல்ல ஒன்றும் இல்லை. தேடினேன், இல்லை. இடது கன்னத்தில் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருக்கிறது.

நல்ல முறையில் எடுத்த படம் பொய்யாக இருக்கவேண்டும் என்று ஆசைப்பட்டேன். இருபத்து மூன்று வருடம் பாடம் நடத்திய பிறகு.

விடைத்தாள் திருத்தும் முகாம் தொடங்கிவிட்டது. மதியச் சாப்பாடு அங்கேயே. வயிறு சரியில்லை.

டிசம்பர் 24, செவ்வாய்

எப்சி வீட்டில் அதிரசமும் முறுக்கும். வாசலில் காகித நட்சத்திரம் கட்டியிருந்தார்கள். பெனிட்டா ஓடிவந்து, “ஆன்ட்டி, அம்மா இப்போல்லாம் செல்ஃபி எடுக்காங்க!” என்று கைபேசியைக் காட்டினாள். பதினேழு படங்கள். பதினேழிலும் சிரிக்கிறாள்.

மயில்கழுத்துப் பட்டைக் கொடுத்தாள். நல்ல புடவை.

ஜனவரி 8, புதன்

ஆலயத்தில் கல்யாணம், மாலை மண்டபத்தில் வரவேற்பு. எப்சி அரக்குச் சிவப்பில் இருந்தாள். மேடையில் வெள்ளை விளக்குகள் பக்கத்துக்கொன்றாக இரண்டு. நான் தூணைத் தேடுவதற்குள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் சம்பந்தி அம்மாள் முன்னால் நிறுத்தினாள்.

“இவதான் நாயகி. நான் சொல்லுவேன்லா? இவ இல்லேன்னா இன்னிக்கு நான் முக்காடு போட்டுட்டுத்தான் நின்னிருப்பேன். படுக்க வச்சாச்சு, களிம்பு பூசியாச்சு, அப்போ வந்து தாளை நீட்டுதா. மொத நாள்தான் பாத்தாளாம். பாத்ததும் ஓடி வந்துட்டா. இப்படி ஒரு கூட்டாளி யாருக்குக் கெடைக்கும்?”

சம்பந்தி அம்மாள் இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது, பாவம். அறிமுகமில்லாதவர்.

படமெடுக்க நிறுத்தினார்கள். மணமக்களுக்குப் பக்கத்தில் எப்சி, எப்சிக்குப் பக்கத்தில் நான். விளக்கு பக்கவாட்டில் அடித்தது. அவள் கன்னத்தை இத்தனை நெருக்கத்தில் இந்த வெளிச்சத்தில் பார்த்தேன். அழகாக இருந்தாள். எனக்கு அது சந்தோஷமாக இல்லை.

“எப்சி,” என்றேன், “மொத நாள் இல்ல. செப்டம்பர் ஒன்பதாம் தேதியே. ரெண்டு தாளும் ஒண்ணாத்தான் வந்துச்சு.”

அவள் முகம் அசையவில்லை. முழங்கை மட்டும் என் விலாவிலிருந்து விலகியது.

“கேமராவைப் பாரு” என்றாள்.

படமெடுப்பவர், “மயில்கழுத்து மேடம், கொஞ்சம் சிரிங்க” என்றார்.

ஜனவரி 9, வியாழன்

பொறாமை என்ற சொல் இந்த நாட்குறிப்பில் இதற்குமுன் எங்கும் இல்லை. ஆகஸ்டிலிருந்து புரட்டிப் பார்த்துவிட்டேன். வயிறு சரியில்லை என்று நான்கு இடத்தில் இருக்கிறது.

ஜனவரி 13, திங்கள்

பொங்கல் விடுமுறை. மேல்தொட்டி கழுவினார்கள். எப்சி கூப்பிடவில்லை.

ஜனவரி 17, வெள்ளி

எப்சி கூப்பிடவில்லை. நான் கூப்பிட்டேன். மணி அடித்து நின்றது.

ஜனவரி 21, செவ்வாய்

கல்லூரி. நடைகூடத்தில் எதிரே வந்தாள். “குட் மார்னிங் மேடம்” என்றாள். மாணவிகள் கூட இருந்தார்கள். இல்லாவிட்டாலும் அதைத்தான் சொல்லியிருப்பாள்.

ஜனவரி 27, திங்கள்

மூன்று மணிக்கு வந்தாள். கதவைச் சாத்தினாள். உட்காரவில்லை. பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்தாள். மடிப்புகள் நைந்துபோயிருந்தன. இரண்டாவது தாள்.

“திருப்பிப் பாரு.”

திருப்பினேன். என் கையெழுத்து. துவரம்பருப்பு ஒரு கிலோ, கடலை எண்ணெய், பெருங்காயம், துணி சோப்பு. வலது மூலையில், அடிக்கோடிட்டு, செப்டம்பர் 12.

“பிரிண்டர் பக்கத்துல நேத்துதான் பாத்தியாம். பதினஞ்சு நாளைக்கு முந்தியே அது மேல பெருங்காயம் வாங்கியிருக்கே. தேதி போடாம நீ கடைக்குக்கூடப் போகமாட்டியே கிறுக்கச்சி.”

“எப்போ பாத்தே?”

“அக்டோபர்ல. மொதத் தடவை போறதுக்கு முந்தின நாள். டாக்டரம்மாகிட்ட காமிக்கலாம்னு எடுத்தேன்.”

அந்த நகம் பதிந்த மணிக்கட்டு. அந்தப் பார்வை.

“அப்புறமும் எல்லார்கிட்டயும் என்னைய...”

“புகழ்ந்தேன். நீயா சொல்லுவேன்னு. நூலகர் முன்னால சொல்லல, கிறிஸ்மஸுக்குச் சொல்லல. சம்பந்தி முன்னால நிறுத்துனா நீ தாங்கமாட்டேன்னு தெரியும்.” குரல் உடைந்தது. “ஆனா எம் மக கல்யாண மேடைலயா சொல்லுவே, சவமே? ஆல்பத்துல பாரு. எல்லாரும் சிரிக்காங்க, நான் பிணம் மாதிரி நிக்கேன். இம்புட்டும் எதுக்கு செஞ்சேன்? அந்த ஒரு படத்துக்குத்தானே.”

பழைய மடிப்புகளிலேயே தாளை மடித்தேன்.

“ஏன்ட்டி செஞ்சே?”

“உனக்கு இழுத்தா மறையுது” என்றேன். “எனக்கு மறையல. வீட்ல பாத்தேன்.”

திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு கதவைத் திறந்தாள்.

“வியாழக்கிழமை மூணாவது தடவை. துணைக்கு ஆள் வேணும். நாலு மணிக்கு வாசல்ல நிப்பேன்.”

“நான் வரலாமா?”

“நீ செஞ்சதை மறக்கமாட்டேன். மறைச்சதையும், குடுத்ததையும்.”

ஜனவரி 30, வியாழன்

நாலு மணிக்கு நின்றாள். ஆட்டோவில் அதிகம் பேசவில்லை. பெனிட்டா பெங்களூரில் எரிவாயு இணைப்புக்கு அலைகிறாளாம்.

டாக்டர் அவளை முடித்துவிட்டுக் கையுறையைக் கழற்றப்போனார். எப்சி வீங்கிய முகத்தோடு முக்காலியிலிருந்து எழுந்து, கையை நீட்டி அந்த இடத்தைக் காட்டினாள். என்னிடம் கேட்கவில்லை. டாக்டரிடமும் கேட்கவில்லை.

உட்கார்ந்தேன். விளக்கின் கழுத்து திரும்பியது. ஜன்னல் பக்கம் உட்கார்ந்தபோது இருந்த அதே வெளிச்சம். கண்ணை மூடிக்கொண்டேன். கையுறை விரல்கள் கன்னத்தை இழுத்தன.

“இழுத்தாலும் மறையாது டாக்டர்,” என்றேன், “நான் ஏழு தடவை பாத்துட்டேன்.”

பின்னாலிருந்து எப்சி, மரத்துப்போன வாயால் குழறிக்கொண்டு சொன்னாள்.

“நீ சும்மா இருட்டி. அவங்க பாத்துச் சொல்லட்டும்.”